பின்கதவு வழியே ஏழேகால் கிலோமீட்டர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லான்காஸ்டர் கவுண்டியின் சோளக்காடுகளுக்கு நடுவே ஸ்ட்ராஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இன்றும் கரி அள்ளிப் போட்டு ஓட்டுகிற நீராவி ரயில் ஓடுகிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கிறார்கள், மரப்பெட்டியில் ஜன்னலோரம் பிடித்து உட்காருகிறார்கள், பக்கத்து ஊரான பாரடைஸ் வரை போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அதெல்லாம் முன்வாசல். இந்த ரயில்வேயின் பெரிய கொண்டாட்டம் பிளாட்பாரத்துக்குப் பின்னால், எண்ணெய் வாசனையும் சுத்தியல் சத்தமும் வருகிற பக்கத்தில் நடக்கிறது. அங்கேதான் உங்களைக் கூட்டிப்போகப் போகிறேன். நல்ல சட்டை போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கரி படும்.

உள்ளே நுழையும்போது ஒரு காட்சி கண்ணில் படும்: பளபளக்கும் பயணிகள் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம், துருவும் அழுக்குமாக நிற்கும் கூட்ஸ் பெட்டிகள். சுற்றுலாவுக்காக நிறுத்தி வைத்த காட்சிப்பொருள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அவை நிஜமான சரக்கு ஏற்றி வந்த நிஜமான கூட்ஸ் பெட்டிகள். ஸ்ட்ராஸ்பர்க் ரயில் ரோடு ஒரு சரக்கு ரயில்வே. அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட குட்டிக் கம்பெனிகளை ‘ஷார்ட் லைன்’ என்கிறார்கள். நாடு முழுக்க இப்படி சுமார் 600 இருக்கின்றன. பெரிய ரயில்வேக்கள் மாநிலம் மாநிலமாகச் சரக்கை இழுத்துக்கொண்டு போகும். கடைசிச் சில மைல்களில் ஆலை வாசலிலோ கிடங்கு வாசலிலோ கொண்டுபோய் நிறுத்துவது இந்தச் சின்னக் கம்பெனிகளின் வேலை. ஸ்ட்ராஸ்பர்க்கின் மொத்த நீளம் 4.5 மைல், அதாவது ஏழேகால் கிலோமீட்டர். அவ்வளவேதான்! ஆனால் அந்த ஏழேகால் கிலோமீட்டர் 1832 முதல் அதே பெயரில், அதே உரிமத்தில் இருக்கிறது. மேற்கு அரைக்கோளத்திலேயே தொடர்ந்து இயங்கிவரும் மிகப் பழைய ரயில்வே இதுதான்.

முதலில் லோகோ ஷெட். விடிவதற்கு முன்பே இங்கே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். டீசல் இன்ஜினைப் போல ஒரு சாவியைத் திருப்பி நீராவி இன்ஜினைக் கிளப்ப முடியாது. பல மணி நேரம் முன்னாலிருந்தே தயார் செய்ய வேண்டும். முந்தின நாள் வேலை முடிந்ததும் கனலை ஒதுக்கி, மேலே கரி போட்டு அடக்கி வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க அது உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். காலையில் வருகிற ஃபயர்மேன் முதலில் பார்ப்பது தண்ணீர்க் கண்ணாடியை. பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுகிற செங்குத்தான கண்ணாடிக் குழாய் அது. அது சரியாகக் காட்டுகிறதா, அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று வால்வைத் திறந்து ஊதவிட்டுச் சோதித்த பிறகுதான் தீயில் கை வைப்பார்.

இந்த ஒரு விஷயத்தில் ஏன் இத்தனை கெடுபிடி? தீ எரிகிற அறையான ஃபயர்பாக்ஸின் மேற்கூரை ஒரு எஃகுத் தகடு. அதன் கீழே தீ, மேலே தண்ணீர். தண்ணீர் மூடியிருக்கும்வரை தகடு பத்திரம். மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்துவிட்டால், அது சிவக்கக் காய்ந்து இளகி, மேலிருக்கும் நீராவியின் அழுத்தத்தில் உள்பக்கமாகக் கிழியும். வீட்டுக் குக்கரில் தண்ணீர் தீர்ந்தால் அடிப்பிடிக்கும். இங்கே தீர்ந்தால் உயிர் போகும். அதனால் தண்ணீர்க் கண்ணாடியை ஃபயர்மேன் நாள் முழுக்க, பேசிக்கொண்டிருக்கும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பிறகு எண்ணெய். கையில் நீளமூக்கு எண்ணெய்க் குவளையோடு டிரைவர் இன்ஜினைச் சுற்றி வருவார். சக்கரத்தை இழுக்கும் தண்டுகள், அவை சேரும் மூட்டுகள், உள்ளே மறைந்திருக்கும் பேரிங்குகள், ஒவ்வொன்றுக்கும் அளந்து அளந்து. அப்படி நடக்கும்போதே கண்ணும் கையும் வேறொரு வேலை பார்க்கும்: எந்த நட்டு தளர்ந்திருக்கிறது, எந்த மூட்டு நேற்றைவிடச் சூடாக இருக்கிறது, எங்கே புதிதாக ஒரு சொட்டு ஒழுகுகிறது. மெதுவாக பிரஷர் ஏறும். காற்று பிரேக்குக்கான பம்பு ‘புஸ்… டக், புஸ்… டக்’ என்று மூச்சுவிடத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்ததும் ஷெட்டே எழுந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றும்!

ஃபயர்மேன் பக்கத்தில் இன்னொரு கருவி இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. இன்ஜெக்டர். பாய்லருக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது, ஓடுகிற இன்ஜினில் புதுத் தண்ணீரை எப்படி உள்ளே தள்ளுவது? அதே பாய்லரிலிருந்து கொஞ்சம் நீராவியை எடுத்து, குறுகலான கூம்பு வழியாகப் பீய்ச்சி, குளிர்ந்த தண்ணீரோடு கலந்து, அந்த வேகத்திலேயே தண்ணீரைப் பாய்லருக்குள் திருப்பிச் செலுத்துகிறார்கள். சுழல்கிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1858-ல் ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. முதலில் கேட்டவர்கள் நம்ப மறுத்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை. பாய்லரின் அழுத்தத்தைப் பாய்லரின் நீராவியே ஜெயிப்பதாவது! ஆனால் இன்றும் ஒவ்வொரு பயணத்திலும் அது ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது ஷெட்டில் நிற்பவர்களை அறிமுகப்படுத்துகிறேன். எண் 475: 1906-ல் ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் ஆலையில் பிறந்து, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் உழைத்தது. முன்னால் வழிகாட்ட நாலு சக்கரம், இழுக்க எட்டுச் சக்கரம், பின்னால் தாங்குசக்கரமே இல்லை. இந்த அமைப்பில் வட அமெரிக்காவில் இன்று ஓடுகிற இன்ஜின் இது ஒன்றுதான். எண் 90: 1924-ல் பிறந்தது, இழுக்கிற சக்கரங்கள் மட்டும் பத்து. கொலராடோவில் சர்க்கரை ஆலைகளுக்கு பீட் கிழங்கு சுமந்த கிரேட் வெஸ்டர்ன் என்ற இன்னொரு குட்டி ரயில்வேயிலிருந்து 1967-ல் வந்தது. எண் 89: கனடாக்காரர், 1910. 1972-ல் வாங்கி வரும் வழியில் ஆக்னஸ் புயல் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்தும் மீண்டு வந்து சேர்ந்தவர். எண் 31: 1908-ன் ஷண்டிங் இன்ஜின், யார்டில் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கிற வகை.

இந்த நாலு பேரின் ஜாதகத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேகமாக ஓடி எக்ஸ்பிரஸ் இழுக்கப் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாம் சின்னச் சக்கரமும் பெரிய பலமும் கொண்ட, மெதுவாக இழுக்கிற, சுமை தூக்கப் பிறந்த இன்ஜின்கள். சுற்றுலாப் பயணிகள் கையசைத்து வழியனுப்புவது கூட்ஸ் இன்ஜின்களைத்தான்!

இந்த ரயில்வேயே சரக்குக்காகப் பிறந்ததுதான். 1830-களில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மேற்கே கொலம்பியா வரை பெரிய ரயில்பாதை ஒன்று போடப்பட்டது. பழைய வண்டிப்பாதையில் நல்ல வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ட்ராஸ்பர்க்கை அது தொடவில்லை. சில மைல் வடக்கே லான்காஸ்டர் பக்கமாகப் போனது. ஊர் வியாபாரிகள் கலங்கினார்கள். பெரிய பாதை நம்மிடம் வராவிட்டால் நாம் அதனிடம் போவோம் என்று தீர்மானித்து, 1832 ஜூன் 9-ல் மாநில சட்டசபையிடம் உரிமம் வாங்கினார்கள். ஆரம்பத்தில் தண்டவாளத்தின் மேல் வண்டியை இழுத்தது குதிரை. 1850-களின் தொடக்கத்தில்தான் ‘வில்லியம் பென்’ என்ற நீராவி இன்ஜின் வந்தது.

இரண்டு பாதைகளும் சேருகிற இடம் லீமன் பிளேஸ். பாரடைஸ் ஊரை ஒட்டியது. 1861 பிப்ரவரி 22-ல், பதவியேற்க வாஷிங்டன் போய்க்கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கனின் ரயில் இங்கே நின்றது. கூட்டம் பேசச் சொன்னது. உடம்பு சரியில்லை, அதிகம் பேச முடியாது என்று சொன்ன அவர், குள்ளமான தன் மனைவி மேரியை அழைத்துப் பக்கத்தில் நிறுத்தி, தங்கள் இருவரின் உயரத்தையும் வைத்து ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுப் போனார். இந்தக் குட்டிச் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் அந்த நெட்டையான மனிதரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நடுவில் வந்த நூறு வருஷத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். 1871-ல் ஒரு தீ விபத்து ஸ்டேஷனையும் மாவு மில்லையும் விழுங்கியது. ரயில்வே கை மாறிக் கை மாறி 1918-ல் ஹோம்ஷர் என்ற மாநில செனட்டரிடம் வந்தது. லான்காஸ்டரிலிருந்து நேரே ஊருக்குள் வரும் டிராம், பயணிகளைக் கொண்டுபோய்விட்டது. 1926-ல் 20 டன் பெட்ரோல் இன்ஜின் ஒன்று வாங்கினார்கள். பிளைமவுத் கம்பெனியின் தயாரிப்பு, ஒரு பெரிய தகர டப்பா மாதிரி இருக்கும், அவ்வளவு அழகு! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாரிகள் பெருகின. சரக்கும் கரைந்தது. புயல்மழை பாதையை அரித்தது. உரிமையாளர் குடும்பத்தில் மரணம் நிகழ்ந்ததும், 1958-ல் பாதையை மூடிவிட அனுமதி கேட்டு மனுப் போட்டார்கள்.

அப்போது நுழைந்தார்கள் ரயில் பித்தர்கள். டொனால்ட் ஹாலக், ஹென்றி லாங் என்ற இருவர் முன்னின்று, 24 பேரைத் திரட்டி, 1958 நவம்பர் 1-ல் மொத்த ரயில்வேயையும் 18,000 டாலருக்கு வாங்கினார்கள். வாங்கிய கையோடு அவர்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? டிக்கெட் அச்சடிக்கவில்லை. ஏழே நாளில், நவம்பர் 8-ல், புதர் மண்டிய தண்டவாளத்தில் அந்தத் தகர டப்பா இன்ஜினை ஓட்டி, மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளரான ஊர் மில்லுக்கு ஒரு பெட்டிச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரே ஒரு பெட்டி! சுற்றுலா ரயில் அதற்குப் பிறகு, 1959 ஜனவரி 4-ல்தான் ஓடியது. நீராவி திரும்பியது 1960-ல்.

அந்த வரிசையை நான் ரொம்பவும் மதிக்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி பொதுச் சரக்கு ரயில்வே என்றால் ஒரு கடமை உண்டு: நியாயமான முறையில் யார் சரக்கு கொண்டுவந்தாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் கடமையை அந்த 24 பேரும் முதல் வாரத்திலேயே கையில் எடுத்தார்கள். அதனால்தான் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பொம்மை ரயிலாக ஆகாமல், 1832-ன் அதே ரயில்வேயாக இன்றும் நிற்கிறது.

சரி, ஒரு கூட்ஸ் பெட்டி இங்கே எப்படி வந்து சேருகிறது? லீமன் பிளேஸுக்குப் போவோம். பழைய கொலம்பியா பாதை இன்று அமெரிக்காவின் பயணிகள் ரயில் கம்பெனியான ஆம்ட்ராக் வசம் இருக்கிற மின்சார இருப்புப்பாதை. பயணிகள் ரயில்கள் மணிக்கு 110 மைல் வரை, அதாவது 177 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அதே பாதையில் சரக்கு ஓட்டும் உரிமை நார்ஃபோக் சதர்ன் என்ற பெரிய ரயில்வேயிடம் இருக்கிறது. எங்கோ தொலைவிலிருந்து வந்த பெட்டியை அவர்கள் இங்கே சந்திப்புத் தடத்தில் கழற்றிவிட்டுப் போவார்கள். ஸ்ட்ராஸ்பர்க் ஆட்கள் வந்து பிரேக், சக்கரம், கப்ளிங் எல்லாம் பார்த்து, ஏர் பைப் மாட்டி, ஊருக்குள் இழுத்துப் போவார்கள். காலியான பெட்டி அதே வழியில் திரும்பும். ஒரு பெட்டியில் வருகிற சரக்குக்கு மூன்று நாலு லாரி வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வாசலில் தண்டவாளம் இல்லாத கம்பெனிகளுக்கும் வழி உண்டு: ஸ்ட்ராஸ்பர்க் யார்டிலேயே பெட்டியிலிருந்து லாரிக்கு மாற்றி ஏற்றிக்கொள்ளலாம். பல வருஷம் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்த சரக்கு வேலை 2000-களின் கடைசியிலிருந்து மறுபடி தளிர்த்தது.

கேட்க எளிதாக இருக்கிறது. பாதைக்கோ அது பெரிய பரீட்சை. இன்று அமெரிக்கப் பெரிய ரயில்வேக்களில் ஓடும் பெட்டிகள் சரக்கோடு சேர்த்து 286,000 பவுண்டு வரை இருக்கும். சுமார் 130 டன். குதிரை வண்டிக்காகத் தொடங்கிய ஒரு கிளைப்பாதை அந்த எடையைத் தாங்க வேண்டுமென்றால் ஸ்லீப்பர் கட்டை மாற்ற வேண்டும், ஜல்லி கொட்ட வேண்டும், தடித்த தண்டவாளம் போட வேண்டும். சின்னக் கம்பெனிகளை அழுத்துகிற பெரிய செலவு இதுதான். தண்டவாளப் பராமரிப்புக்கு மத்திய அரசு தருகிற வரிச்சலுகையை 2020 டிசம்பரில் நிரந்தரமாக்கியபோது நாடு முழுக்க ஷார்ட் லைன்காரர்கள் மகிழ்ந்தது அதனால்தான்.

இந்த வேலைக்கு டீசல் இன்ஜின்களும் உண்டு. 800 குதிரைசக்தி கொண்ட எஸ்.டபிள்யூ.8 வகை ஒன்று முதுகெலும்பு. ஆனால் என் பிரியம் பழைய 44 டன் டீசல் மீதுதான். அதென்ன கணக்காக 44? 1937-ல் ஏற்பட்ட தொழிலாளர் ஒப்பந்தப்படி, சக்கரங்களின் மேல் எடை 90,000 பவுண்டைத் தாண்டினால் டிரைவரோடு ஃபயர்மேன் ஒருவரும் கூடவே ஏற வேண்டும். 44 அமெரிக்க டன் என்றால் 88,000 பவுண்டு. ஒரு ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கும்படி ஓர் இன்ஜினையே வடிவமைத்துவிட்டார்கள்!

இன்னும் சந்தோஷமான சேதி இருக்கிறது. சில நாட்களில் கூட்ஸ் பெட்டியை டீசல் இழுப்பதில்லை. நீராவி இன்ஜினே இழுக்கிறது. பயணிகள் ரயிலின் கூடவே சரக்குப் பெட்டியைக் கோத்து இழுத்து வருவதும் உண்டு. பின்னால் வருகிற அந்த அழுக்குப் பெட்டிக்காக யாரோ ஒரு வியாபாரி சரக்குக் கூலி கட்டியிருக்கிறார். அதை 1906-ல் செய்த ஓர் இன்ஜின், புகை கக்கிக்கொண்டு, கிராசிங்குக்கு முன்னால் இரண்டு நீளம் ஒரு குட்டை ஒரு நீளம் என்று விசில் கொடுத்துக்கொண்டு இழுத்து வருகிறது. கேட் பக்கத்தில், காரை ஒதுக்கிப் பழைய முறையில் வாழும் அமிஷ் குடும்பத்தின் குதிரை வண்டி நின்று வழிவிடும். வயலில் கோவேறு கழுதைகளைப் பூட்டி உழுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்; அவருக்கு இது தினப்படி.

இனி பணிமனை. பின்கதவு என்று நான் சொன்னதில் பாதி இதுதான். அகலமான கூடத்தில் கழற்றிய சக்கரங்கள், தோல் உரித்த பாய்லர், சுவரோரம் நீட்டி வைத்த நீராவிக் குழாய்கள். வேறு எங்கும் உதிரிபாகம் கிடைக்காத இன்ஜின்களுக்கு எல்லாமே இங்கேயே செய்துகொள்ள வேண்டும். தேய்ந்த சக்கர விளிம்பைப் பெரிய லேத்தில் ஏற்றிக் கடைகிறார்கள். பேரிங்குக்குள் ஈயப்பூச்சு போன்ற பாபிட் உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, அளவுக்குச் செதுக்குகிறார்கள். ஃபயர்பாக்ஸையும் பாய்லரின் வெளிச்சுவரையும் பிணைக்க நூற்றுக்கணக்கான தாங்கு போல்ட்டுகள் உண்டு. அவற்றில் உடைந்ததைக் காதால் கண்டுபிடிக்கிறார்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல போல்ட் கணீரென்று பேசும், உடைந்தது மந்தமாகப் பேசும். நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜின்களையே செய்து கொடுத்த நம் பொன்மலைப் பணிமனைக்காரர்கள் இங்கே வந்தால் ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமலே இவர்களோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இவர்கள் கைவேலை ஸ்ட்ராஸ்பர்க் எல்லையோடு நிற்பதில்லை. மற்ற ரயில்வேக்களும் அருங்காட்சியகங்களும் தங்கள் இன்ஜினையும் பெட்டியையும் பழுதுபார்க்க இங்கே அனுப்புகின்றன. குழந்தைகள் கொண்டாடும் ‘தாமஸ்’ என்ற கதை இன்ஜின் இருக்கிறதே, அதுவும் இங்கே செய்ததுதான். நியூயார்க்கின் புரூக்ளின் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தள்ளிக்கொண்டிருந்த 1917-ன் குட்டி இன்ஜின் ஒன்றை எடுத்து, நீலம் பூசி, முகம் வைத்து, முழு அளவில் நீராவியில் ஓடுகிற தாமஸாக மாற்றிவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக வந்து அதைக் கட்டிப்பிடித்த பிள்ளைகளுக்குத் தெரியுமா, அதுவும் ஒரு பழைய கூட்ஸ்காரர் என்று!

பணிமனைக்காரர்களிடம் ஒரு எண்ணைச் சொன்னால் போதும், முகம் மாறும்: 1472. இன்ஜினில் தீ மூட்டிப் பிரஷர் ஏற்றிய ஒவ்வொரு நாளும் கணக்கில் ஒரு நாள். 31 நாளுக்கு ஒரு சோதனை, 92 நாளுக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. 1,472 நாளோ 15 வருஷமோ, எது முதலில் வருகிறதோ அப்போது இன்ஜினைப் பிரித்துப் போட்டே ஆக வேண்டும். குழாய்களை உருவி, மேலுறையை அகற்றி, பாய்லர் தகட்டின் கனத்தை அங்குலம் அங்குலமாக ஒலியலைக் கருவியால் அளந்து, எத்தனை அழுத்தம் தாங்கும் என்று மறுபடி கணக்குப் போட்டு, வேலை அழுத்தத்தைவிடக் கால்பங்கு அதிக அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதித்த பிறகுதான் மறுபடி தீ.

இந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. 1995 ஜூன் 16-ல், இதே மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் பகுதியில் வேறொரு சுற்றுலா ரயிலின் இன்ஜினில் தண்ணீர் மட்டம் இறங்கி, நான் முன்பு சொன்ன அந்தக் கூரைத் தகடு கிழிந்தது. கண்ணாடிக் குழாயின் இணைப்புகள் படிவு சேர்ந்து அடைத்திருந்ததால் அது உண்மையைக் காட்டவில்லை. மூன்று பணியாளர்கள் வெந்து காயப்பட்டார்கள். அதற்குப் பிறகு நாட்டின் நீராவி நிபுணர்கள் கூடி அரசோடு சேர்ந்து விதிகளைத் திருத்தி எழுதினார்கள். புது விதிகள் 2000-ல் நடைமுறைக்கு வந்தன. அந்த வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க் பணிமனையில் வளர்ந்து பின்னாளில் அந்த ரயில்வேக்கே தலைவரான லின் மோடிங்கர். இன்று அமெரிக்காவில் எந்த நீராவி இன்ஜின் விசில் கொடுத்தாலும் அதன் பின்னால் இந்தக் குட்டி ஊரின் அனுபவமும் கொஞ்சம் இருக்கிறது.

தகட்டை அளந்து பார்த்து ‘இனி வேண்டாம்’ என்று சொல்லத் துணிந்த வரலாறும் இங்கே உண்டு. ரோட்டுக்கு எதிர்ப்புறம் பென்சில்வேனியா ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குச் சொந்தமான 1223 என்ற இன்ஜின் அழகி இங்கே வருஷக்கணக்கில் ஓடினாள்; 1969-ல் வந்த ‘ஹலோ, டாலி!’ படத்திலும் அவள் நடித்திருக்கிறாள். 1989-ல் அளந்தபோது ஃபயர்பாக்ஸ் தகடு தேய்ந்திருப்பது தெரிந்தது. அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அவளையும் கூட ஓடிய 7002-ஐயும் அருங்காட்சியகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது கூரைக்குக் கீழே பத்திரமாக நிற்கிறார்கள். ரசிகர்களுக்கு வருத்தம். எனக்கோ அந்த முடிவின் மேல் பெரும் மரியாதை.

விபத்து இங்கேயும் நடந்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பாரடைஸ் முனையில் இன்ஜினைத் திருப்ப மேடை கிடையாது. ரயில் போய் நின்றதும் இன்ஜின் கழன்று, பக்கத்து லூப் லைன் வழியாகப் பெட்டிகளைச் சுற்றி வந்து மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். 2022 நவம்பர் 2-ல் 475 அப்படிச் சுற்றி வரும்போது, பாயிண்ட் தவறான தடத்துக்குத் திரும்பியிருந்தது. அந்தத் தடத்தில் ஒரு மண்வெட்டி இயந்திரம் நின்றது. அதன் இரும்புக் கை இன்ஜினின் முன்கதவைக் குத்திக் கிழித்தது. பயணி ஒருவர் எடுத்த வீடியோ உலகம் சுற்றியது. 475-ன் கதை முடிந்தது என்று புலம்பாத ரசிகர் இல்லை. நடந்தது என்ன? அடிபட்டது முன்பக்கப் புகை அறை. அழுத்தம் தாங்கும் பாய்லர் அதற்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பணிமனைக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். சில நாட்களிலேயே 475 மறுபடி பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது! இப்படியொரு பணிமனை வீட்டுக்குள்ளேயே இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

இந்தச் சின்னப் பாதைக்கு வந்த மிகப் பெரிய விருந்தாளியையும் சொல்லிவிட வேண்டும். 1950-ல் ரோனோக்கில் செய்த 611, கறுப்பு உடம்பில் சிவப்புப் பட்டையோடு அம்புபோல் நீளும் எக்ஸ்பிரஸ் இன்ஜின். 475-ம் அதுவும் ஒரே ரயில்வேயில் பணியாற்றியவை. 2019-ல் 611 ஸ்ட்ராஸ்பர்க் வந்தது. நூறு மைல் வேகத்துக்குப் பிறந்த இன்ஜின், ஏழேகால் கிலோமீட்டரில், சோளக்காட்டு நடுவே, நிதானமாகப் போய்ப் போய்த் திரும்பியது. ஒரே தடத்தில் 475-ம் 611-ம் நின்ற படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குதிக்கும். அந்த எடையைத் தாங்கும் தண்டவாளத்தைப் போட்டு வைத்திருந்தது எது? சரக்குக்காகப் பேணிய பாதை.

நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அந்தப் பக்கம் போனால், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஆம்ட்ராக்கின் கீஸ்டோன் ரயிலில் லான்காஸ்டரில் இறங்குங்கள்; அங்கிருந்து ஸ்ட்ராஸ்பர்க்குக் காரில் போய்விடலாம். பயணிகள் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதே பணிமனையைச் சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். எதிரே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ரயிலில் ஏறும்முன் பின்பக்கம் ஒரு நடை நடந்து, கூட்ஸ் பெட்டி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியிருந்தால், 1832-ல் அந்த ஊர் வியாபாரிகள் எதற்காக இந்தப் பாதையைப் போட்டார்களோ அந்த வேலை அன்றைக்கு நடக்கிறது.